எதிரில் யாரும் வீடு கட்ட முடியாத தெரு

வேலூரில் வீடு தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர். காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் எத்தனை அடி, வருவது உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா. அடுத்தது ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம். அதற்கப்புறம் பஸ், பள்ளிக்கூடம், மேலே இன்னொரு மாடி எழுப்பினால் அஸ்திவாரம் தாங்குமா என்பதெல்லாம். பக்கத்தில் பூங்கா இருக்கிறதா என்று கேட்டு வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. விலை படியாமல் இழுபறியாக நிற்கும்போது புரோக்கர்தான் அதைக் கடைசியாக எடுத்து விடுவார். “பார்க் ஃபேசிங் மேடம். இந்த ஏரியாவுல இதான் மிச்சம். அப்புறம் உங்க இஷ்டம்.”

நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். சத்துவாச்சாரியில், வீட்டு வசதி வாரியப் பகுதிகள் நிரம்பியதற்குப் பிறகு போட்ட ஒரு மனைப்பிரிவு. வீட்டுக்கு முன்னால் முப்பதடி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூங்கா. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றி இடுப்பளவு சுவர், சுவருக்கு மேல் கம்பி, நடப்பதற்கு ஒரு பாதை, ஊஞ்சல், சறுக்குமரம், நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த உடற்பயிற்சிக் கருவிகள், அவ்வளவுதான். வேம்பு இருக்கிறது, புங்கை இருக்கிறது, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. இதற்காகப் பக்கத்துத் தெருவில் இதே அளவு மனை வாங்கியவர்களைவிடச் சதுர அடிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். கடன் வாங்கிக் கொடுத்த கூடுதல் என்பதால் வட்டியோடு சேர்த்தால் அது இன்னும் எங்கேயோ போய் நிற்கும். வங்கியில் வேலை பார்க்கிறவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலில்லை.

போன தீபாவளிக்கு வந்த என் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து காபி குடித்தபடி கேட்டாள். “ஏன் அண்ணி, பார்க்குன்னு இவ்ளோ சேத்துக் குடுத்தீங்களே, அதுக்குள்ள எத்தன தடவ போயிருப்பீங்க?” குத்தலாகக் கேட்கவில்லை. அவள் சென்னையில் ஒரு பெரிய அடுக்குமாடியில் இருக்கிறாள். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டியும் நீச்சல் குளத்தில் அவள் வீட்டில் யாரும் கால் நனைத்ததில்லை, அந்த அனுபவத்தில் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. காலையில் டிபன் கட்டி முடித்து ஓடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துணி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில் சில வாரம் நடந்தார். பிள்ளைகள் ஊஞ்சல் வயதைத் தாண்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போவதே அபூர்வம். அப்படியானால் எதற்குக் கொடுத்தோம்? இந்த வீட்டை விற்றுவிட்டு வேறு தெருவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வருகிறது?

காற்றும் கொசுவும்

எல்லோரும் சொல்வது காற்று. நம் ஊரைக் கேலி பேச ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்துவிட்டோம். மலைதான் இன்னும் அப்படியே கிடக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் பாறை, ராத்திரியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டினால் இங்கே செய்தியே இல்லை. அந்த நாட்களில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்குத் தெரியும், பத்து மணிக்கும் தரை சுடும்.

அப்படிப்பட்ட ஊரில் மரத்துக்குப் பக்கத்தில் இருப்பது பாக்கியம்தான். இலைகள் வழியாக நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஆனால் இதைச் சொல்லிப் பூங்கா வீட்டைப் புகழ்கிறவர்கள் அளவை மறந்துவிடுகிறார்கள். நாலு மனை அகலப் பூங்கா தன் நிழலுக்குக் கீழே இருப்பவர்களைக் குளிர்விக்கும், ரோட்டைத் தாண்டி என் ஹாலுக்குள் வந்து ஏசி வேலை பார்க்காது. மே மாத மதியத்தில் எங்கள் மின்விசிறியும் பக்கத்துத் தெரு மின்விசிறியும் ஒரே அனலைத்தான் சுற்றி விடுகின்றன. அப்புறம் கொசு. செடிகளுக்குத் தண்ணீர் விட்ட இடத்தில் தேங்கினால் சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்த வேண்டும். வாசலில் ஓயாமல் சருகு. மழை விட்ட மறுநாள் சாரைப் பாம்பு ஒன்று காம்பவுண்டுக்குள் வந்து, தெருவே கம்போடு கூடியிருக்கிறது. விடியற்காலையில் அந்த உடற்பயிற்சிக் கருவி ஒன்று எண்ணெய் காணாமல் கிறீச் கிறீச் என்று கத்தும் சத்தத்தைக் கேட்டவர்கள் ‘அமைதியான பூங்காச் சூழல்’ என்று விளம்பரம் எழுத மாட்டார்கள்.

பச்சையைப் பார்ப்பது நல்லது என்றால், அதற்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். செசில் கோனைனென்டைக் என்ற நெதர்லாந்துக்காரர், நகரத்து மரங்களை ஆராய்கிறவர், 2021ல் 3-30-300 என்று ஒரு விதியை முன்வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரமாவது தெரிய வேண்டும், வசிக்கும் பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமையான பொது இடம் இருக்க வேண்டும். என் ஜன்னலில் நின்று எண்ணினால் மூன்றுக்கு மேலேயே தேறும். 300 மீட்டரும் சரி. 30 சதவீதம் என்பதற்குச் சிரிக்கத்தான் முடியும். பூங்காவைத் தாண்டினால் அடுத்த மெயின் ரோடு வரைக்கும் கான்கிரீட்டும் தகரக் கூரையும்தான்.

காற்று, நிழல், பச்சை எல்லாவற்றையும் இப்படித் தட்டிக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சியது: எதிரில் சுவர் இல்லை. பின் தெருவில் என் தோழியின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு வீட்டின் ஏசி வெளிப்பெட்டி சுடுகாற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. அவள் அந்த ஜன்னலைத் திறந்து வருடங்கள் ஆகின்றன. நம் ஊரில் காலி மனை என்பது தற்காலிகம். இன்றைக்கு வானம் தெரிகிற இடத்தில் நாளைக்கு யாராவது ஜல்லி கொட்டுவார்கள். பூங்காவுக்கு எதிரில் இருப்பவனுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை, அல்லது குறைவு.

இதற்குப் பின்னால் இருப்பது சட்டம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் கொடுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டிவிடலாம். 2019ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி மனைப்பிரிவாகக் காட்டுகிறவர்களின் சாமர்த்தியம் எங்கே தொடங்குகிறது என்பது இதைப் படித்தாலே புரிந்துவிடும். வரைபடத்தில் ‘பார்க்’ என்று எழுதிய இடத்தில் சீமைக்கருவேலம் மட்டும் வளர்ந்து நிற்கும் மனைப்பிரிவுகளும் வேண்டிய அளவு உண்டு. அந்த முள்ளுக்குக்கூட எதிர் வீட்டுக்காரர் நன்றி சொல்ல வேண்டும் என்பேன். முள் இருக்கும்வரை அங்கே யாரும் வீடு கட்டவில்லை என்றாவது ஆகிறது.

கோட்டைக்குப் போவது வேறு

வேலூரில் இருந்துகொண்டு இந்தத் துக்கடாப் பூங்காவுக்காக இவ்வளவு பேசலாமா, கோட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 133 ஏக்கர், சுற்றி அகழி, உள்ளே கோயிலும் மசூதியும் தேவாலயமும், வெளியே அகழியை ஒட்டிப் புல்வெளியும் பெரியார் பூங்காவும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் மொத்த மாவட்டமும் சுண்டல் பொட்டலத்தோடு அங்கே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். நானும் சின்ன வயதில் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே புரண்டவள்தான்.

ஆனால் கோட்டைக்குப் போக வேண்டும். அதற்குச் சேலை மாற்ற வேண்டும், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நாளின் நிகழ்ச்சி. கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் தீர்ந்துவிடுமா என்றால் அங்கே வேறு சிக்கல். 2010ல் திருத்திய தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எதிரில் யாரும் கட்ட மாட்டார்கள் என்ற நிம்மதி அங்கேயும் உண்டு, நீங்களும் கட்ட முடியாது என்ற நிபந்தனையோடு. தாத்தா கட்டிய வீட்டின் சுவரைச் சரிசெய்யவே மனுப் போட வேண்டியிருப்பவர்களிடம் போய்ப் பாரம்பரியத்தின் அருமை பற்றிப் பேசிவிட முடியாது.

எங்கள் பூங்காவை யாரும் பார்க்க வருவதில்லை. வந்து உட்காருகிறார்கள், அவ்வளவுதான். மதியம் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டு ஜன்னலில் நின்றால் யார் யார் இருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியும். விடுப்பில் இருக்கும் நாட்களில் பார்த்த பழக்கம். தெருப் பெருக்கும் அக்காக்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் இருவர் பெஞ்சில் படுத்தபடி போனில் அடுத்த ஆர்டருக்காகக் காத்திருப்பார்கள். கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டிக்காரர், உள்ளே இருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தெளித்துத் தேய்ப்பார், சாப்பிட்டதும் தூங்குமூஞ்சி மரத்தடியில் அரை மணி நேரம் சாய்வார். அப்புறம் வங்காளம் பேசும் குடும்பங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ப்புறச் சந்துகளில் வங்காளத்தில் எழுதிய பெயர்ப் பலகையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2022ல் மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் இயங்கத் தொடங்கிய பிறகு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பகுதியிலும் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் தென்படத் தொடங்கினார்கள். பின் தெருவில் இரண்டு வீடுகளை அறை அறையாகத் தடுத்து நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஜன்னல் சின்னது, சமையல் வராண்டாவில். நோயாளி தூங்கும்போது கூட வந்தவர் வெளியே வந்தாக வேண்டும், வந்தால் போக இடம் வேண்டும். பூங்காவுக்கு வருவார்கள். கையில் அந்தப் பெரிய எக்ஸ்ரே கவர். போனில் ஊருக்குப் பேசிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மொட்டை அடித்த தலையோடு, முகக்கவசம் போட்ட ஒரு பெண் பிள்ளை சில நாள் வந்தது. ஊஞ்சலில் ஆடவில்லை, மரத்தில் அணில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயம் பேசுகிற எல்லோரும் எடுத்துச் சொல்வது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், பாதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாகச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், 46 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது. இருந்தாலும் பின் தெரு அறைகளின் ஜன்னல்கள் எதைப் பார்த்து இருக்கின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செங்கல் சுவர்தான் நினைவுக்கு வரும்.

பூட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், வெயில் ஆரம்பித்த நேரத்தில், எங்கள் குடியிருப்போர் சங்கம் பூங்காவிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தியது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்ததால் நான் போனேன். கூடவே அத்தையும் வந்தார். என் மாமியார் அணைக்கட்டுப் பக்கத்து ஊர்க்காரர், எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே இருந்தாக வேண்டும் அவருக்கு. தலைவர் விஷயத்துக்கு வந்தார். வெளியாட்கள் அதிகம் வருகிறார்கள், பெஞ்சில் படுத்துத் தூங்குகிறார்கள், காலேஜ் பிள்ளைகள் வந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள், நம் வீட்டுப் பெண்கள் நடக்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போடுவோம். காலையில் ஐந்திலிருந்து எட்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டரை, நடுவில் பூட்டு. சாவி மாதம் ஒரு வீட்டில்.

பலர் தலையாட்டினார்கள். “நாமதான சார் எக்ஸ்ட்ரா குடுத்து வாங்கியிருக்கோம்” என்றார் ஒருவர். நான் எழுந்து, நாம் கூடுதலாகக் கொடுத்தது வீட்டை விற்றவருக்குத்தான், பூங்கா தானமாக எழுதிக் கொடுத்த பொது இடம், அதைப் பூட்டுகிற உரிமை நமக்கில்லை என்றேன். “சட்டம் பேசினா தெரு நடத்த முடியாதும்மா” என்று மரியாதையாகவே உட்கார வைத்தார்கள். அப்போது பெஞ்சிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“வெயிலு நேரத்துல பூட்டிப்புட்டு அந்த நெழல இன்னா பண்ணப் போறீங்க? எடுத்துக்கினு போயி அவுங்கவுங்க ஊட்ல வெச்சிக்கப் போறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பூட்டுப் போடுவதென்று முடிவு செய்தார்கள்.

முதல் வாரம் பெண்கள் நிறையப் பேர் நடந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. கூச்சம் என்று தலைவர் சொன்னது பொய்யில்லை. படுத்துக்கிடக்கும் ஆண்களைத் தாண்டி நடப்பது எல்லோருக்கும் எளிதல்ல. ஆனால் சீக்கிரத்திலேயே நான் எதிர்பார்க்காத ஒவ்வொன்றாக நடந்தது. மதியத்துத் தண்ணீரும் நிழலும் போனதும் இஸ்திரிக்காரர் வண்டியை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்விட்டார். அவரிடம் நாங்கள் துணி மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்காக வீட்டுச் சாவியை அவரிடம்தான் வைத்துவிட்டுப் போவேன். பார்சல் வந்தால் அவர்தான் வாங்கி வைப்பார். கேஸ் வண்டி எந்தப் பக்கம் போயிற்று, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெருவின் பகல் முழுக்க அவருக்குத் தெரியும். தெருப் பெருக்கும் அக்காக்கள் சாப்பிட வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் சாப்பிட்டு எழுந்ததும் பூங்காவுக்குள் கிடப்பதை ஒரு கை பெருக்கிவிட்டுப் போவார்கள், யாரும் சொல்லி அல்ல. அதுவும் நின்றது. உள்ளே குழாய் ஒன்று திறந்தபடி கிடந்து தண்ணீர் தேங்கிக் கொசு பெருகிய பிறகுதான் தெரிந்தது, பகலில் அதை மூட அங்கே ஆள் இல்லை என்பது.

ராத்திரிதான் மோசம். முன்பு எட்டரைக்கு மேலும் யாராவது இருப்பார்கள், மூலை டீக்கடையும் அவர்களை நம்பியே பத்து மணி வரை திறந்திருக்கும். பூட்டியதும் கடைக்காரர் சீக்கிரம் கட்டிவிட்டுப் போகத் தொடங்கினார். அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிலர் சுவர் ஏறிக் குதித்தார்கள். காலையில் கேட்டைத் திறந்தால் பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும். அந்தப் பூட்டு கேட் வழியாக உள்ளே வருகிற பழக்கமுள்ளவர்களைத்தான் தடுத்தது. மார்ச் கணக்கு முடிக்கும் நாட்களில் நான் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வரும்போது ஒன்பதாகிவிடும். அந்த நேரத்தில் பூங்கா ஓரத்தில் வேகமாக நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூட்டுப் போட்ட வருடம்தான் போன் செய்து வீட்டுக்காரரை முனைக்கு வரச் சொன்னேன்.

நாத்தனார் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு வாசலில் எனக்குக் கிடைக்காத பதில் அந்த வெயில்காலத்தில்தான் இருந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நான் உள்ளே போவதில்லை, சரி. மற்றவர்கள் போகிறார்கள். என் வீட்டு வாசலை நாள் முழுக்க யாரோ ஒருவரின் கண் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் என் வீட்டைக் காவல் காக்க வரவில்லை, சாப்பிட, தூங்க, அழ, காதலிக்க, ரீல்ஸ் எடுக்க வருகிறார்கள். அதில் எனக்குக் கிடைப்பது போகிற போக்கில் கிடைப்பது. காசு கொடுத்து வாட்ச்மேன் வைத்தால் அவர் ஒருவர், பாதி நேரம் அவரும் போனில் இருப்பார்.

இதைச் சொன்னால் உடனே, அந்தக் காலத்துத் திண்ணை மாதிரி என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் குடியாத்தத்து வீட்டில் திண்ணை இருந்தது, நான் அதில் வளர்ந்தவள். வழிப்போக்கர்கள் இளைப்பாறினார்கள் என்பது பாதி உண்மை. யார் ஏறி உட்காரலாம், யார் கீழே நின்று பேச வேண்டும், யாருக்குத் தண்ணீர் எந்தச் சொம்பில் என்பதெல்லாம் திண்ணைக்குச் சொந்தக்காரர் தீர்மானித்தது, தெருவுக்கே தெரிந்தது. பூங்கா பெஞ்சுக்குச் சொந்தக்காரர் இல்லை. தெருப் பெருக்கும் அக்கா உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் எங்கள் சங்கத் தலைவர் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறார், இருவருக்கும் அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பூட்டு பூங்காவைத் திண்ணையாக மாற்றப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பூட்டு எடுக்கப்பட்டதற்குத் தத்துவக் காரணம் எதுவும் கிடையாது. சாவி முறைவைத்து வீடு வீடாக வந்தது. முதலிரண்டு வீடுகள் சிரத்தையாகச் செய்தன. பூட்டுக்காக அதிகம் வாதாடியவரின் முறை வந்தபோது அவர் வீட்டில் கல்யாண வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து திறக்க ஆளில்லை, நடக்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்கள். சலித்துப்போய்ப் பூட்டைத் திறந்து சங்கிலியிலேயே தொங்க விட்டார். அடுத்த முறைக்காரர் சாவியைக் கேட்டு வாங்கவில்லை. இஸ்திரி வண்டி திரும்பி வர மழைக்காலம் ஆகிவிட்டது. கூச்சப் பிரச்சினைக்கு நடைபாதையின் எதிர்ப்பக்கத்துக்குப் பெஞ்சுகளை மாற்றிப் போட்டதில் பாதி தீர்ந்தது, மீதி இன்னும் இருக்கிறது.

இப்போது நடப்பது

இந்தப் பொங்கலிலிருந்து வேறு பேச்சு. பூங்காவின் பாதியில் ஒரு சமுதாயக் கூடம் கட்டினால் நன்றாக இருக்குமே என்று யாரோ கிளப்பி விட்டிருக்கிறார்கள். காது குத்து, வளைகாப்பு எல்லாம் நடத்தலாமாம். நல்ல காரியத்துக்குத்தானே என்கிறார்கள். பூங்கா நிலத்துக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் நல்ல காரியத்தின் பெயரில்தான் வருகிறது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அதைவிட நல்ல காரியம் எது? அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. பூங்கா என்று வைத்ததைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது, அதைக் கேட்க அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. ஆஸ்பத்திரியால் வாழும் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தீர்ப்பைப் படிப்பது தனி அனுபவம்.

போன வாரம் தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடம் வந்தால் மரம் போகும், வண்டிகள் தெருவை அடைக்கும், மைக் செட் வேறு. மனு ஒன்று எழுத வேண்டும், அன்றைக்குச் சட்டம் பேசினீர்களே, அதையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்றார். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “பூட்டு எங்க சார் கீது?” என்று கேட்டுவிட்டுப் போனார். மனைப்பிரிவு வரைபடத்தின் நகலும் தானப் பத்திரத்தின் நகலும் வாங்க நான் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மனு தயார், கையெழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று செயலாளர் கூப்பிட்டு, பின் தெருவில் வாடகை அறைகளில் இருப்பவர்கள் சிலரும் கேட்கிறார்கள், அவர்கள் கையெழுத்துப் போடலாமா, நாளைக்கு ஊருக்குப் போய்விடுவார்களே என்றார். தாளில் பெயர், கையெழுத்து என்று இரண்டு கட்டம்தான் போட்டிருக்கிறேன், சொந்த வீடா வாடகையா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.